வலி கையில், கோளாறு சீட்டில்: புது ரோடு பைக்கும் பழைய உடம்பும்

புது ரோடு பைக் வாங்கிய மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அன்று காலையில் 60 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்திருந்தேன். வலது கைச் சுண்டுவிரலும் பக்கத்து மோதிரவிரலும் வேறு யாருடைய கையிலோ இருப்பவைபோல மரத்துக் கிடந்தன. மறுநாளே தடித்த கையுறை வாங்கினேன். ஹேண்டில்பாரில் டேப்பை இரட்டைச் சுற்றாகச் சுற்றினேன். விரல்கள் மசியவில்லை.

கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் என் கையையும் பார்க்கவில்லை, ஹேண்டில்பாரையும் பார்க்கவில்லை. சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு ரசமட்டத்தை வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றது. சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தது. சரித்தவன் நான்தான்: முதல் வாரம் உட்காரும் இடம் வலிக்கிறதென்று ஆலன் கீ என்ற அறுகோணத் திருகுசாவியை எடுத்து நானே மூக்கைத் தாழ்த்தியிருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்க, வழுக்கிய உடம்பைக் கைகள் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கின்றன. இரண்டு மணி நேரம் தண்டால் எடுத்த கை மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

புது ரோடு பைக்கில் வருகிற உடல்வலியைப் பற்றி ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதைத்தான் சொல்வேன்: வலிக்கிற இடமும் கோளாறு இருக்கிற இடமும் பெரும்பாலும் வேறுவேறு. கை வலித்தால் சீட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். இடுப்பு வலித்தால் சீட்டின் உயரத்தையும் பார்க்க வேண்டும், ஹேண்டில்பார் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வலிக்கிற இடத்துக்கு மெத்தை வாங்கிப் போடுவது பெரும்பாலும் வீண்செலவு.

(ஒரு சின்ன விளக்கம். தமிழில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது ஆட்டுக்கடாவின் கொம்புபோல வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லியான டயரும் கொண்ட மிதிவண்டியை. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ரோடு பைக் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.)

உடம்பு ஏன் முரண்டு பிடிக்கிறது?

சாதாரண சைக்கிளில் நாம் நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்காருகிறோம். எடையில் பெரும்பங்கு சீட்டின்மேல் இறங்குகிறது. கைகளுக்கு வண்டியைத் திருப்புவதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. ரோடு பைக்கில் ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்திலோ அதற்கும் கீழேயோ இருக்கிறது. காரணம் காற்று. சமதரையில் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிட்டால், நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. குனிந்தால் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைகிறது. வேகத்துக்காக வடிவமைத்த வண்டி, ஓட்டுபவரைக் குனிய வைக்கிறது.

குனிந்ததும் கணக்கெல்லாம் மாறிவிடுகிறது. சீட், பெடல், ஹேண்டில்பார் ஆகிய மூன்று இடங்களிலும் எடை பங்கிடப்படுகிறது. முதுகுத்தசைகள் மேலுடம்பை அந்தரத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். கிட்டத்தட்ட 5 கிலோ எடையுள்ள தலையைக் கழுத்து பின்னால் வளைந்து தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாலை தெரியாது, முன்சக்கரம்தான் தெரியும். இந்த வேலைகளைப் பழைய சைக்கிளில் உங்கள் உடம்பு செய்ததே இல்லை. பத்து வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன், எனக்கா வலிக்கும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கால்களுக்குப் பத்து வருடப் பழக்கம் இருக்கலாம். கழுத்துக்கு இது முதல் நாள்.

அதனால் முதல் சில வாரங்களில் வருகிற வலி இரண்டு வகைப்படும். ஒன்று, பழக்கமில்லாத தசை உழைத்ததால் வரும் வலி. அது மந்தமாக, பரவலாக, பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். ஓட்டிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்கு வந்து, பிறகு தானே வடிந்துவிடும். கழுத்தின் பின்புறம், தோள்பட்டை, மேற்கையின் பின்தசை, உட்காரும் இடம் ஆகியவை இந்தக் கணக்கில் வரும். தூரத்தைக் குறைத்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போனால் மூன்று, நான்கு வாரங்களில் உடம்பு சமாதானமாகிவிடும்.

இரண்டாவது வகை, வண்டியின் அளவு உங்கள் உடம்போடு பொருந்தாததால் வருவது. இது பொறுத்திருந்தால் போகாது. மூட்டில் வரும், ஒரு பக்கம் மட்டும் வரும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே கிலோமீட்டரில் தலைகாட்டும், குத்தும் அல்லது மரக்கும். நிமிடத்துக்கு 80 சுற்று என்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை சுற்றுகிறது. சீட்டின் உயரத்தில் சில மில்லிமீட்டர் பிசகு ஒருமுறை மிதித்தால் தெரியாது. 4,800 முறை மிதித்தால் முழங்காலுக்குத் தெரியும்.

அதே அளவு வண்டிதானே வாங்கினேன்?

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பழைய சைக்கிளில் பிரேம் அளவு 54 என்று எழுதியிருந்தது, புதியதிலும் 54, பிறகு ஏன் வலிக்கிறது? அந்த எண் சட்டைக் காலரில் இருக்கும் எண் மாதிரிதான். ஒருவர் தைத்த 40-உம் இன்னொருவர் தைத்த 40-உம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பார்க்க வேண்டியவை வேறு இரண்டு அளவுகள். பெடல்களைத் தாங்கும் கிராங்க் கட்டைகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, பிரேமின் முன்கழுத்துக் குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்று. இதை ஸ்டாக் என்கிறார்கள். அதே மையத்திலிருந்து அந்த உச்சி எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்பது இன்னொன்று, இது ரீச். வண்டி விவரப் பட்டியலில் இரண்டும் மில்லிமீட்டரில் இருக்கும். பந்தயத்துக்கான பிரேமுக்கும் நெடுந்தூரம் சுகமாக ஓட்டுவதற்கான பிரேமுக்கும், எழுதியிருக்கும் அளவு ஒன்றாகவே இருந்தாலும், ஸ்டாக்கில் 3, 4 சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஹேண்டில்பார் 4 சென்டிமீட்டர் இறங்கினால் கழுத்தும் இடுப்பும் அதை அன்றைக்கே கண்டுபிடித்துவிடும்.

பழைய சைக்கிள் வலிக்காமல் ஓடியது என்றால் அதை விற்றுவிடாதீர்கள்; குறைந்தது அளந்துவிட்டு விற்றுவிடுங்கள். கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட்டின் மூக்கு நுனியிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை, தரையிலிருந்து சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள உயர வித்தியாசம்: இந்த மூன்று எண்களும் பல மாத வலியை மிச்சப்படுத்தும். நான் பழையதை அளக்காமல் விற்றவன்.

சீட்டிலிருந்து தொடங்குங்கள்

எந்த இடம் வலித்தாலும் முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி அது. அது நகர்ந்தால் மற்ற எல்லாமே நகரும். சீட்டைச் சரிசெய்யாமல் ஹேண்டில்பாரில் கைவைப்பது வீண்.

முதலில் உயரம். உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்ற முடிந்தால்தான் பத்திரம் என்று சின்ன வயதில் பழகியிருப்போம். ரோடு பைக்கில் அந்த உயரத்துக்குச் சீட்டை இறக்கினால் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கும். சரியான உயரத்தில் உட்கார்ந்தால் விரல்நுனிகூடத் தரையைச் சிரமப்பட்டுத்தான் தொடும். நிற்க வேண்டுமானால் சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நிற்க வேண்டும். இரண்டு நாளில் பழகிவிடும்.

வீட்டிலேயே உயரம் பார்க்க எளிய வழி குதிகால் சோதனை. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் சரியாக நேராக நீண்டால் உயரம் ஏறத்தாழ சரி. பாதத்தின் முன்பகுதியை வைத்து வழக்கம்போல மிதிக்கும்போது, கீழே போன காலின் முழங்காலில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு மிஞ்சும். அதுதான் வேண்டும்.

கணக்கு பிடித்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1986, 1989, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரில் புழங்குகிற சூத்திரம் இது. அவருடைய பயிற்சியாளர் சிரில் கிமாரிடமிருந்து வந்தது என்பார்கள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடைகளுக்கிடையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே முட்டும்வரை இழுத்து வைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் மையத்திலிருந்து சீட் உச்சி வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் கால் என்றால் 70.6 சென்டிமீட்டர். இப்போதைய காலணியும் பெடலும் கிராங்க் நீளமும் அன்றைக்கு இருந்தவை அல்ல. ஆகவே இந்த எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், சத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, சீட் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது. இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. குழாயடியில் குனிந்து முகம் கழுவும்போது கவனித்திருக்கிறீர்களா? தலையும் மார்பும் முன்னால் போகப் போக இடுப்பு தானாகப் பின்னால் போகிறது. போகவிடாமல் தடுத்துப் பாருங்கள். குதிகாலும் பிட்டமும் சுவரில் ஒட்ட நின்றுகொண்டு கால்விரலைத் தொடக் குனியுங்கள். பாதி தூரம்கூடப் போகமாட்டீர்கள், குப்புறச் சாய்ந்துவிடுவீர்கள். இடுப்புக்குப் பின்னால் போக இடமில்லை, அதனால் மேலுடம்பின் எடையை ஈடுகட்ட ஆளில்லை.

சீட் அளவுக்கு மீறி முன்னால் இருக்கும் ரோடு பைக், உங்களை அந்தச் சுவரோடு ஒட்ட நிறுத்திவிட்டுக் குனியச் சொல்கிறது. விழாமல் இருப்பதற்குக் காரணம் கைகள் மட்டுமே. உள்ளங்கை எரிச்சல், தோள்பட்டை இறுக்கம், கழுத்து வலி மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். வாகனங்கள் இல்லாத சமதரைச் சாலையில், மிதமான அழுத்தத்தோடு மிதித்துக்கொண்டிருக்கும்போது, ஹேண்டில்பாரைவிட்டுக் கையை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்திப் பாருங்கள். மேலுடம்பு அப்படியே நின்றால் நல்லது. தொப்பென்று முன்னால் விழப் பார்த்தால் சீட்டை 5 மில்லிமீட்டர் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் நேராக நிற்பதில்லை. தரையோடு சுமார் 73 பாகையில் பின்னால் சாய்ந்து நிற்கிறது. அதனால் சீட்டை 10 மில்லிமீட்டர் உயர்த்தினால் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பின்னாலும் போகிறது. சீட்டைப் பின்னால் தள்ளினாலோ, பெடலுக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடிவிடுவதால் உயர்த்திய மாதிரியே ஆகிறது. ஒன்றைத் தொட்டால் மற்றொன்றையும் அளந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, சரிவு. என் கதையில் சொல்லிவிட்டேன். ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள். வேண்டுமானால் ஒன்றிரண்டு பாகை மூக்கைத் தாழ்த்தலாம். கண்ணுக்குத் தெரிகிற அளவு சரிந்திருந்தால் அது அதிகம்.

கடைசியாக சீட்டே. புது ரோடு பைக்கில் வரும் ஒல்லிச் சீட்டைப் பார்த்ததும் எல்லோரும் அகலமான, பஞ்சுமெத்தை போன்ற சீட்டைத் தேடிப் போகிறார்கள். போகாதீர்கள். உட்காரும்போது நம் எடையைத் தாங்க இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முண்டுகள் இருக்கின்றன. சீட் அந்த இரண்டையும் தாங்க வேண்டும். மெத்தை மென்மையாக இருந்தால் முண்டுகள் உள்ளே புதைந்து, நடுவில் இருக்கும் மென்சதையை மெத்தை மேல்நோக்கி அழுத்தும். நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடம் அது. ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும், ஐம்பதாவது நிமிடத்தில் மரத்துப்போகும்.

முண்டுகளுக்கிடையில் எவ்வளவு தூரம் என்று அறிய, நெளி அட்டைப்பெட்டியின் ஒரு துண்டை வெட்டிக் கடினமான முக்காலியில் போட்டு, அதன்மேல் கொஞ்சம் முன்னால் குனிந்து உட்கார்ந்து எழுந்திருங்கள். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையேயான தூரத்தைவிட ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலமான சீட்டில் தொடங்கலாம். மெத்தை வைத்த சைக்கிள் டவுசரை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளாடையின் தையல் உராய்ந்து புண்ணாவதுதான் பலருடைய சீட் வலி. கூச்சப்பட்டு இதை ஒருவரும் சொல்லித்தருவதில்லை.

கை, முழங்கால், முதுகு

எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் அல்நார் நரம்பு. உள்ளங்கையின் அடிப்புறத்தில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகிய வழியில் அது உள்ளே நுழைகிறது; ஹேண்டில்பார் சரியாக அங்கேதான் அழுத்துகிறது. பெருவிரல், ஆட்காட்டிவிரல், நடுவிரல் மரத்தால் அது மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு. மணிக்கட்டை வெகுநேரம் மடித்து வைத்திருப்பதால் வருவது. பிரேக் பிடிகள் கீழே சரிந்திருந்தால் மணிக்கட்டு மடங்கியே இருக்கும். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக இருக்கும்படி பிடிகளைத் திருப்பி வைத்தால் போதும்.

வளைந்த ஹேண்டில்பாரில் கை வைக்க மூன்று இடங்கள் உண்டு: மேல் கம்பி, பிரேக் பிடியின் ரப்பர் மூடி, கீழ் வளைவு. புதியவர்கள் பயத்தில் ஒரே இடத்தைக் கெட்டியாகப் பிடித்தபடி ஒரு மணி நேரம் போகிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். முழங்கையைச் சற்று மடித்தே வையுங்கள். கை கம்பிபோல நீண்டு விறைத்திருந்தால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேராகக் கழுத்துக்குப் போய்ச் சேரும்.

முழங்கால் வலிக்கு ஒரு பழைய வாய்பாடு இருக்கிறது. எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் முதல் சந்தேகத்துக்கு நன்றாக உதவும். முழங்கால் சில்லுக்கு முன்புறம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது அல்லது அளவுக்கு மீறி முன்னால் இருக்கிறது. பின்புற மடிப்பில் வலித்தால் சீட் உயர்ந்திருக்கிறது அல்லது வெகுவாகப் பின்னால் போயிருக்கிறது. பக்கவாட்டில் வலித்தால் பாதம் பெடலில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காலணியைப் பெடலோடு பூட்டுகிற கிளீட் வைத்து ஓட்டுபவர்களுக்கு இது மிக முக்கியம். சும்மா நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, கிளீட்டும் அதே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். சிலருக்கு இடது பாதம் நேராகவும் வலது பாதம் வெளியே திரும்பியும் இருக்கும். இரண்டையும் அழகுக்காக ஒரே மாதிரி பூட்டினால் முழங்கால்தான் திருகிக்கொள்ளும்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் முன்முழங்கால் வலிக்கிறது என்றால், பெரும்பாலும் நீங்கள் கனமான கியரில் மிதிக்கிறீர்கள். புது வண்டி வேகமாகப் போகிறது, நாமும் பெரிய கியரைப் போட்டு ஒவ்வொரு மிதியையும் மாடிப்படி ஏறுவதுபோல அழுத்துகிறோம். கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 80, 90 சுற்று வரும்படி லேசாக மிதித்தால் அதே வேகம் வரும், முழங்காலும் பிழைக்கும்.

கீழ்முதுகு வலிக்கு ஹேண்டில்பார் தூரமாகவோ தாழ்வாகவோ இருப்பது பொதுவான காரணம். ஆனால் அதற்கு முன் ஒரு நண்பரைப் பின்னால் ஓட்டி வரச் சொல்லி, நீங்கள் மிதிக்கும்போது உங்கள் இடுப்பு இடமும் வலமுமாக ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் சீட் உயரம் அதிகம். ஒவ்வொரு பெடலையும் எட்டிப் பிடிக்க இடுப்பு சாய்கிறது, அந்தச் சாய்வை முதுகு ஈடுகட்டுகிறது. ஆடவில்லை என்றால் ஹேண்டில்பாருக்கு வாருங்கள். அதைப் பிரேமோடு இணைக்கும் ஸ்டெம் என்ற துண்டுக்கு அடியில் ஸ்பேசர் வளையங்களைச் சேர்த்து உயர்த்தலாம். சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம் என்றால் தலைகீழாகத் திருப்பி மாட்டினாலே, 6 பாகைச் சாய்வும் 100 மில்லிமீட்டர் நீளமும் உள்ளதில், ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். அல்லது 10 மில்லிமீட்டர் குட்டையான ஸ்டெம் மாற்றலாம். முன்கழுத்தைக் கழற்றிப் பூட்டுவதில் பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடமே விடுவது நல்லது. அங்கே ஆட்டம் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது தெரியவரும், அது தெரியவர வேண்டிய நேரம் இல்லை.

சீட்டை முன்னால் தள்ளி ஹேண்டில்பாரை எட்டிப்பிடிக்கும் தந்திரத்தை மட்டும் செய்யாதீர்கள். தூரம் குறைந்த மாதிரி இருக்கும். குழாயடிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். முதுகின் கடனை எடுத்துக் கையின் தலையில் கட்டியிருப்பீர்கள்.

கழுத்துக்கு அநேகமாக முதுகின் மருந்தே போதும். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கலாம். குனிந்து ஓட்டும்போது கண்ணாடி வழுக்கி இறங்கினால் அதன் மேல்விளிம்பு பார்வையின் குறுக்கே வரும். அதைத் தாண்டிப் பார்க்கத் தலையை இன்னும் தூக்குவோம். முன்பக்கம் குடைபோல நீட்டிக்கொண்டிருக்கும் ஹெல்மெட்டும் இதையே செய்யும். அந்தக் குடையைக் கழற்றிவிட்ட அன்றே கழுத்துவலி போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாதம் எரிந்தாலோ கால்விரல் மரத்தாலோ முதலில் காலணியைத் தளர்த்துங்கள். ஓட்டும்போது பாதம் வீங்கும். அதில் போகாவிட்டால் கிளீட்டைக் குதிகால் பக்கமாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளுங்கள்.

டயரை மறக்க வேண்டாம்

1860-களில் ஓடிய சைக்கிள்களுக்கு மரச்சக்கரமும் அதைச் சுற்றி இரும்புப் பட்டையும்தான். எலும்பை உலுக்கும் வண்டி என்றே அதற்குப் பட்டப்பெயர். ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து 1888-இல் காப்புரிமை வாங்கிய பிறகுதான் சைக்கிள் மனிதர்கள் உட்காரக்கூடிய பொருளாயிற்று. அந்தக் காற்றை, டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு அடித்துக் கல்லாக்கிவிட்டு, வண்டி கடினமாக இருக்கிறது என்று புலம்புகிறோம். எழுதியிருப்பது தாண்டக்கூடாத எல்லை. அடிக்க வேண்டிய அளவு அதைவிடக் குறைவு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் காற்றழுத்தம் 65 முதல் 75 பி.எஸ்.ஐ. (பம்பில் காட்டும் அழுத்த அலகு) வரை பெரும்பாலும் போதும். பழைய தடித்த டயரிலிருந்து 25 மில்லிமீட்டருக்கு மாறியவர்கள், பிரேமில் இடமிருந்தால் 28-க்கோ 30-க்கோ போகலாம். கைக்கும் முதுகுக்கும் இதைவிட மலிவான வைத்தியம் தெரியவில்லை.

மாற்றும்போது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 3 மில்லிமீட்டர், அதிகம் போனால் 5. பிறகு இரண்டு மூன்று முறை ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரே மாலையில் சீட்டை உயர்த்தி, பின்னால் தள்ளி, ஸ்டெம்மையும் மாற்றிவிட்டால், வலி போனாலும் எதனால் போனது என்று தெரியாது. கூடினால் எங்கே திரும்பிப் போவது என்றும் தெரியாது. தொடங்குவதற்கு முன் சீட் போஸ்ட் பிரேமுக்குள் நுழையும் இடத்தில் மின்கம்பிக்குச் சுற்றும் இன்சுலேஷன் டேப்பை, இப்போதைய உயரத்துக்கு அடையாளமாக, ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். குறைந்தது இவ்வளவாவது பிரேமுக்குள் இருக்க வேண்டும் என்று சீட் போஸ்டில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஒருநாளும் உயர்த்தாதீர்கள். கார்பன் பாகம் என்றால் அதன்மேல் எழுதியிருக்கும் முறுக்கு அளவுக்கு மேல் திருகாதீர்கள்.

இவ்வளவு செய்தும் போகாத வலி உண்டு. ஓட்டி முடித்து மறுநாளும் தொடரும் மரப்பு, பிறப்புறுப்புப் பகுதியில் உணர்விழப்பு, முழங்கால் வீக்கம், முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் மின்னல் வலி ஆகியவை வந்தால் ஆலன் கீயைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்த மாதிரி ஒன்றும் இல்லை, ஆனால் எதைச் சரிசெய்தாலும் இன்னொன்று கோணுகிறது என்றால், உடம்பை அளந்து வண்டியைப் பொருத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகலாம். ஒரு கால் மற்றொன்றைவிடக் குட்டை என்பது போன்றவற்றை நாமே சுவரில் சாய்ந்து கண்டுபிடிக்க முடியாது.

எல்லாம் சரியானதும் எண்களை எழுதி வையுங்கள். எனக்கு விரல் சரியாகி ஒரு வருடம் கழித்து, ஒரு காரணமும் இல்லாமல், இடது முழங்கால் சில்லின் முன்னால் வலி தொடங்கியது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். கியரைக் குறைத்தேன், ஒரு வாரம் ஓய்வெடுத்தேன். பிறகுதான் நோட்டுப்புத்தகத்தைத் தேடி எடுத்து அளந்தேன். 71.2 இருக்க வேண்டிய இடத்தில் 70.5 இருந்தது. டேப் சுற்றிய இடம் பிரேமுக்குள் போய் மறைந்திருந்தது. சீட் போஸ்டின் திருகு தளர்ந்து, தினமும் எனக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது. போஸ்டைத் துடைத்து, 7 மில்லிமீட்டர் உயர்த்தி, திருகை இறுக்கினேன்.